டெய்லரம்மா வீட்டு வாஷிங் மெஷின்

மழை பிடித்துப் பத்தாவது நாள் காலையில், ஊறவைத்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த டெய்லரம்மாவுக்கு வலது மணிக்கட்டுக்குள் ஏதோ சுண்டி இழுத்தது. போர்வையைத் துவைகல்லின்மேல் அப்படியே போட்டுவிட்டு, ஈரத்தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கி வளையலை இறுக்கியது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் மகள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல்தாங்க. முப்பத்திரண்டு வருஷமா."

"தையல்ல இவ்வளவு தேயாதே. வீட்டுல துணி பிழியறது யாரு?"

"வேற யாரு, நாந்தான்."

"இனிமே தைக்கறதா பிழியறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ரெண்டும் சேர்ந்து நடக்காது" என்று சொல்லிவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது வீடு முழுக்க ஈரத்துணி வாடை. அறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கிய சட்டைகளை விலக்கிக்கொண்டுதான் தட்டை எடுக்கவே போகவேண்டியிருந்தது. கீழே இரண்டு அறை, பின்னால் தகரக்கூரை போட்ட முற்றம், மாடியில் ஓர் அறை. மாடியறையில் மகளும் மருமகனும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மருமகன் ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கூட்டிப்போனால் வருவான், கேட்டால் பதில் சொல்லுவான். அவன் வாயைத் திறந்து தானாக ஒன்று சொல்வது வீட்டில் அபூர்வம்.

அன்றைக்குச் சொன்னான். "அத்தை, பின்னாடி தார்ப்பாய்க்கு அடியில இருக்கே, அந்த மெஷினைப் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

ஃபோர்மன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை நிறுத்தினார். அவர் பஸ் டிப்போ பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் பேர் போகவில்லை, தெருவில் எல்லாருக்கும் அவர் ஃபோர்மன்தான். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, ரேடியோ, பூட்டு எதுவானாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். டெய்லரம்மா அவருடைய மனைவி.

"அதுல கியர் போச்சு மாப்ளே" என்றார். "தேஞ்சு மாவாயிடுச்சு. அந்தக் கம்பெனியே இப்ப கிடையாது. நான் பாக்காததா?"

"அதானே" என்றாள் டெய்லரம்மா. "இவராலயே முடியலைன்னா அது யாராலயும் முடியாது மாப்ளே." இருபத்தாறு வருஷமாக அந்த மெஷினைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் இது. சொல்லும்போது குரலில் ஒரு கர்வம் இருக்கும்.

"புதுசே ஒண்ணு வாங்கிடலாம்மா" என்றாள் மகள்.

"புதுசு வேண்டாம்டி. அதுல மேல ஒரு உருளை இருக்கும் பாரு, துணியைக் குடுத்தா அப்பளம் மாதிரி பிழிஞ்சு அந்தப் பக்கம் தள்ளும். அது ஓடின நாலு மாசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. நீ அப்ப நாலு வயசுப் பொண்ணு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை இல்ல. சும்மா பாக்கறேன் மாமா" என்றான் மருமகன்.

"பாருங்க, பாருங்க. யாரு வேண்டாங்கறது" என்றார் ஃபோர்மன். பாதிச் சோற்றில் கை கழுவப் போய்விட்டார்.

அவருக்கு உறுத்தியது அந்த நாலு மாசம் என்ற வார்த்தை.

அந்த மெஷின் அந்த வீட்டுக்கு வந்த கதை இது. தெருக்கோடி வீட்டில் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் குடியிருந்தார். கப்பல்காரர் என்பார்கள். அவர் வீட்டுக்கு டெய்லரம்மா திரைச்சீலை தைத்துக்கொடுத்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறபோது, ஏதோ துறைமுகத்தில் வாங்கிய வாஷிங் மெஷினைத் தையல் கூலிக்கு ஈடாக அவளுக்கே கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தானே உருட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் இறக்கி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சோப்பு, உருளையில் துணியை எப்படிக் கொடுப்பது என்று ஒரு காலைப்பொழுது முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஃபோர்மன் மத்தியானம் சாப்பிட வந்தபோது இரண்டு பேரும் ஈரக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல்காரர் அடுத்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார். ஆனால் டெய்லரம்மா வாயைவிட்டுப் போகவில்லை. 'அவர் சொன்னாரு, வெள்ளைத்துணியை முதல்ல போடணுமாம்.' 'அவர் சொன்னாரு, ரப்பருக்கு வெயில் ஆகாதாம்.' 'என்ன பொறுமைங்க அந்த மனுஷருக்கு!' துணி சுற்றுகிற நேரத்தில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாடவும் செய்வாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் பாடி ஃபோர்மன் கேட்டதே இல்லை. நாலு மாசம் இப்படி ஓடியது. ஒருநாள் மோட்டார் ஓடியும், தொட்டிக்கு நடுவில் நின்று துணியை அலசுகிற நடுத்தண்டு திரும்பவில்லை. ஃபோர்மன் கழற்றிப் பார்த்துவிட்டுக் கியர் போச்சு என்றார். அதோடு சரி. மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் போனது, டெய்லரம்மா கல்லுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. மருமகன் தார்ப்பாயின் மேலிருந்த பழைய பக்கெட்டுகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்தான். கரப்பான்பூச்சிகள் நாலா பக்கமும் சிதறின. நாலு கால், காலுக்கொரு சின்னச் சக்கரம், மேலே உருண்டையான எனாமல் தொட்டி. வெள்ளை நிறம் பழுப்பேறி, விளிம்பில் துரு பூத்திருந்தது. தொட்டிக்குமேல் ஒரு கையாக நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்தில் இரண்டு ரப்பர் உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் மரப்பிடி போட்ட கைப்பிடி. நடுத்தண்டைத் திருப்பத்தான் மோட்டார், உருளையைக் கையால்தான் சுற்றவேண்டும்.

டெய்லரம்மா கட்டுப்போட்ட கையால் தொட்டியைத் தடவிப்பார்த்தாள். "அப்படியே இருக்கு பாருங்க மாப்ளே."

ஃபோர்மன் வாசற்படிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். முற்றத்துக்கு வந்து பேப்பர் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மருமகன் வேலை செய்கிற விதமே வேறு. ஃபோர்மன் என்றால் ஸ்பானரைப் போட்டு ஓர் உதை, சுத்தியால் ஒரு தட்டு, கால்மணி நேரத்தில் மெஷின் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும். இவன் ஒவ்வொரு திருகாணிக்கும் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, அது இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கழற்றிய திருகாணிகளைப் பழைய கண்ணாடிக்கூடுகளில் போட்டு, எது எங்கேயிருந்து வந்தது என்று சீட்டெழுதி ஒட்டினான். லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தான்.

"இந்த ரேட்டுல போனா என் பேரப்பிள்ளை கல்யாணத்துக்குத்தான் துணி துவைக்கலாம்" என்றார் ஃபோர்மன் பேப்பருக்குள்ளிருந்து.

"அவசரம் என்ன மாமா" என்றான் மருமகன்.

"அதானே. பொறுமையா பண்ணட்டும். என்ன பொறுமை பாருங்க மாப்ளைக்கு!" என்றாள் டெய்லரம்மா.

ஃபோர்மன் பேப்பரைச் சடாரென்று மறுபக்கம் திருப்பினார்.

டீ வந்தது. முதல் டம்ளர் மருமகனுக்குப் போனது. மத்தியானம் மீன் வறுவல். எப்போதும் ஃபோர்மனின் தட்டில் விழுகிற நடுத்துண்டு அன்று அவரைத் தாண்டிப் போய் மருமகன் தட்டில் விழுந்தது. ஃபோர்மன் தன் பங்குக்கு வந்த வால்துண்டை முள் எடுக்கிற சாக்கில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், நடுத்துண்டு தீந்துடுச்சா?"

"உங்களுக்குத்தான் தினம் வெக்கறேனே. அவர் காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்யறாரு."

"நானும்தான் முப்பத்தஞ்சு வருஷம் குனிஞ்சேன்."

"அதுக்குத்தான் முப்பத்தஞ்சு வருஷம் நடுத்துண்டு வெச்சேன்" என்றாள். மகள் சிரித்துப் புரையேறினாள். ஃபோர்மன் சிரிக்கவில்லை.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. வெடித்துப்போயிருந்த பெல்ட்டுக்குப் பதிலாக அதே அளவில் மாவுமில் பெல்ட் ஒன்றைத் தேடி வாங்கிவந்தான். துணி சுற்றிய பழைய வயரெல்லாம் தொட்டால் உதிர்ந்தது, புது வயர் இழுத்தான். கல்லாகிவிட்டிருந்த உருளை ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு, சைக்கிள் கடையில் சொல்லி வைத்து வாங்கிய தடித்த ரப்பரைச் சுற்றி ஒட்டினான். துருவை உப்புத்தாளால் தேய்த்தான். அவன் தேய்க்கிற தேய்ப்பில் இரும்பே கண்ணாடியாகிவிடும் போலிருந்தது.

டெய்லரம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு கையால் ஆனமட்டும் எடுத்துக்கொடுப்பாள்.

"எட்டாம் நம்பர் ஸ்பானர் குடுங்க அத்தை."

"இந்தாங்க. வளைஞ்சதா, நேரா?"

"வளைஞ்சது."

ஃபோர்மனுக்கு இதுதான் பொறுக்கவில்லை. அவருடைய சாமான் பெட்டிப் பக்கம் அவள் வந்ததே கிடையாது. வந்தால், 'தள்ளிப்போ, கையில கிய்ல பட்டுடப் போவுது' என்று விரட்டியவர் அவர்தான். ஆனால் அது இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இவளுக்கு எட்டாம் நம்பர் ஸ்பானரை எவன் சொல்லிக்கொடுத்தான் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்களைக்கூட அந்த வாரம் கடுகடுவென்று பேசி அனுப்பினார். மகளிடம், "உன் வீட்டுக்காரனுக்குக் கடையில வேலையே இல்லையா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு" என்று திருத்தினாள் அவள். "ஏம்ப்பா, ஒரு நல்ல காரியம் நடக்குது. கூடமாட உதவி பண்ணலாம்ல? உங்களுக்குத் தெரியாததா?"

"கூப்பிட்டாத்தானே போறதுக்கு!"

மருமகன் கூப்பிடாமல் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே, "மாமா, இதை எப்படி இறக்கறது?" என்று கேட்டான். "கியரே போச்சுங்கறேன், எதை இறக்கினா என்ன" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பியவர் இவர்தான்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த கியர்ப்பெட்டியைப் பெரிய சக்கரத்தோடு சேர்த்து இறக்கினான். ஃபோர்மன் அன்று பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மூடியைத் திறந்ததும் மெழுகாக உறைந்துபோன பழைய கிரீஸ். மண்ணெண்ணெயில் கரைத்துத் துணியால் வழித்தான். வழிக்க வழிக்கப் பற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடையிலிருந்து அன்றைக்கு வாங்கிவந்தது மாதிரி, கூர்மை மழுங்காத பற்கள். ஒன்றில்கூடத் தேய்மானம் இல்லை.

மருமகன் குனிந்தபடியே இருந்தான். கடைக்குக் கொண்டுபோகும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். பிறகு பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினான். சக்கரம் தாராளமாகச் சுற்றியது, தண்டு அசையவில்லை. சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். வளையல் கழல்வதுபோல் கழன்று கையோடு வந்துவிட்டது.

சக்கரமும் தண்டும் சேர்ந்து சுற்றுவதற்காக, இரண்டுக்கும் நடுவில் வெட்டிய பள்ளத்தில் சுண்டுவிரல் நகம் அளவு ஓர் இரும்புத்துண்டைத் தட்டி இறக்கியிருப்பார்கள். பட்டறையில் அதற்குக் கீ என்று பேர். பள்ளம் இருந்தது, கீ இல்லை. உடைந்து விழுந்திருந்தால் பள்ளத்தின் விளிம்பில் காயம் இருக்கும், துணுக்கு மாட்டிக்கொண்டிருக்கும். பள்ளம் சுத்தமாக இருந்தது. தட்டி எடுத்தவன் கைதேர்ந்த ஆள்.

மருமகன் தலையைத் தூக்கினான். மாமனாரைத்தான் பார்த்தான். ஒரு நொடிதான். ஃபோர்மன் கண்ணை விலக்கிக்கொண்டார்.

"என்ன மாப்ளே, கியர் போச்சா?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"இல்ல அத்தை… ஒரு சின்னத் துண்டு தேஞ்சு விழுந்திருக்கு. செஞ்சு போட்டுடலாம்."

"சின்னத் துண்டா? அதுக்கா இத்தனை வருஷம்?"

"அது வெளியில தெரியாது அத்தை. மாமா காலத்துல இந்தச் சாமானெல்லாம் கிடைச்சிருக்காது."

ஃபோர்மன் எழுந்து உள்ளே போய்விட்டார். காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஒருவழியாக முடிந்திருக்கும். நேற்று வந்தவன், கண்ணாடி துடைக்கிறவன், அவரைக் காப்பாற்றிவிட்டான். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மருமகன் ஓர் இரும்புத்துண்டை எடுத்து வந்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தமாகக் கீ செய்தான். அதற்கு ஒரு வாரச் சாயங்காலம் எல்லாம் ஆனது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பூட்டினான். நல்ல வெயில் அன்று. பக்கத்து வீட்டு டீச்சரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சோப்பைக் கரைத்து, அன்றைக்குப் பிழிய முடியாமல் போட்ட அதே போர்வையை டெய்லரம்மா தன் கையால் உள்ளே போட்டாள். மருமகன் சுவிட்சைத் தட்டினான்.

மோட்டார் உறுமியது. பெல்ட் ஒருதரம் வழுக்கி, பிடித்துக்கொண்டது. நடுத்தண்டு முனகிக்கொண்டே இடப்பக்கம் பாதி வட்டம், வலப்பக்கம் பாதி வட்டமாகத் திரும்பத் தொடங்கியது. போர்வை ஒருதரம் மேலே வந்து மூச்சுவிட்டுவிட்டு மறுபடி உள்ளே போனது.

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் மாப்ளே. பாருங்க டீச்சர், இந்த மனுஷர் கை படாத மெஷின் இந்தத் தெருவுலயே கிடையாது. இவருக்கே பிடிபடாதது மாப்ளைக்குப் பிடிபட்டிருக்கு!"

"அப்ப ஃபோர்மன் பட்டத்தை மாப்பிள்ளைக்கு எழுதிக்குடுத்துட வேண்டியதுதான் சார்" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்றான் மருமகன். "மாமாவுக்குச் சாமான் கிடைக்கல. எனக்குக் கிடைச்சுது. அவ்வளவுதான்."

"எவன் சொன்னான் சாமான் கிடைக்கலன்னு?"

குரல் முற்றம் முழுக்க அதிர்ந்தது. ஃபோர்மன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"இவன் என்னத்த ரிப்பேர் பண்ணிட்டான்? கெட்டாத்தானே ரிப்பேர் பண்றதுக்கு!"

"அப்பா, அவன் இவன்னு பேசாதீங்க" என்றாள் மகள்.

"பேசுவேன்! பெல்ட் மாத்தினான், வயர் மாத்தினான், துருவைத் தேச்சான். அதை எவன் வேணா செய்வான். மெஷின் எதனால நின்னுது? அதைச் சொல்லச் சொல்லு பாப்போம்!"

"மாமா, வேண்டாம். விடுங்க" என்றான் மருமகன் தணிந்த குரலில்.

"என்ன வேண்டாம்? எனக்கு நீ பாவம் பாக்கறியா? கியரும் தேயல, மண்ணும் தேயல. அரைமணி நேர வேலை அது எனக்கு. நெனச்சிருந்தா அன்னைக்கே ஓட்டியிருப்பேன். கீயைத் தட்டி எடுத்ததே நாந்தான்!"

மெஷின் மட்டும் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தோத்துட்டோம்னு ஒத்துக்க முடியலைன்னா சும்மா இருங்கப்பா. அதுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க" என்றாள் மகள்.

அவள் நம்பவில்லை என்பது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. விடுவிடுவென்று உள்ளே போனார். சாமான் பெட்டி உருட்டப்படுகிற சத்தம் கேட்டது. ஒரு வட்டத் தகர டப்பாவோடு வந்து, அதற்குள் மெழுகுத்துணியில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்து, மனைவியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். "பாத்துக்க. இதுதான். நான் சொல்றது பொய்யா?"

ஜெயித்த மாதிரிதான் வைத்தார். வைத்த பிறகுதான் அது எந்தக் கை என்று பார்த்தார்.

டெய்லரம்மா அந்த இரும்புத்துண்டைக் கட்டுப்போட்ட கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். பொட்டுத் துரு இல்லாமல் பளபளத்தது.

"எண்ணெய் போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள்.

டீச்சர், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். மருமகன் சுவிட்சை அணைத்தான். மகள் வாயைத் திறந்தாள். "இத்தனை வருஷம் அம்மா கல்லுல அடிச்சிருக்காங்க, ஏம்ப்பா, நீங்க அதைப் பாத்துக்கிட்டே…" என்று ஆரம்பித்தாள். அழுதுகொண்டே மாடி ஏறிப் போனாள். மருமகன் பின்னாலேயே போனான்.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. டெய்லரம்மா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. ஃபோர்மன் கதவோரமாக வந்து நின்றார்.

"எத்தனை நாளைக்குன்னு நெனச்சு எடுத்தீங்க?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"ஒரு வாரம்."

"அப்புறம்?"

"நீ கேப்பேன்னு இருந்தேன். 'என்னங்க, இன்னொரு தரம் பாருங்களேன்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன். நீ கேக்கவே இல்ல."

"முடியலைன்னு சொன்னீங்க. மறுபடி கேட்டா உங்க மனசு கஷ்டப்படும்னுதான் கேக்கல." மெஷின்மேல் கிடந்த துணியை நகர்த்திவிட்டு, "ஊர் பூரா சொல்லிட்டு இருந்தேன், இவராலயே முடியலைன்னா யாராலயும் முடியாதுன்னு. எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள்.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பாள் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார். கேட்டால் சொல்வதற்கு வார்த்தையைக்கூடக் கோத்து வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தைக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. சோறு வந்தது, டீ வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. ஆனால் சனிக்கிழமை அழுக்குக்கூடையைப் பிரித்தபோது, ஃபோர்மனின் வேட்டி சட்டைகளை மட்டும் டெய்லரம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் துவைகல்லின்மேல் வைத்துவிட்டாள். எல்லார் துணியும் மெஷினுக்குள் போனது. அவள் உருளையில் துணியைக் கொடுக்க, மருமகன் கைப்பிடியைச் சுற்றினான். போர்வைகளும் சேலைகளும் தட்டையாகப் பிழிந்து அந்தப் பக்கம் விழுந்தன.

ஃபோர்மன் தன் துணியைத் தானே துவைத்தார். எஞ்சினையே பிரித்துப் பூட்டிய கைகளுக்கு ஒரு வேட்டியைப் பிழியத் தெரியவில்லை. சொட்டச் சொட்டக் காயப்போட்டு, மறுநாளும் ஈரத்தோடு கட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்றாவது வாரம் அவருக்கே மணிக்கட்டில் வலி கண்டது. சொல்லிக்கொள்ளவில்லை. சட்டைக்கையை நீவுகிற மாதிரி மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். மருமகனிடம், "அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னப்பவே நான் வாயை மூடியிருக்கணும் மாப்ளே" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். "அரம் போட்டது நல்ல வேலை. பட்டறையில என்கிட்ட இருந்த பசங்க எவனும் அவ்வளவு சுத்தமா போடமாட்டான்." மருமகன், "தேங்க்ஸ் மாமா" என்றான்.

ஆறாவது சனிக்கிழமை கடையில் ஆள் இல்லை என்று மருமகனைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். மகளுக்குத் தபால் ஆபீஸ். மெஷின் ஓடி நின்றுவிட்டது. தொட்டி நிறைய ஈரத்துணி. டெய்லரம்மா ஒரு சேலையைத் தூக்கி உருளைக்குள் கொடுத்துவிட்டு, இடது கையால் கைப்பிடியைச் சுற்றிப்பார்த்தாள். அரைச்சுற்று வந்து நின்றது. மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது.

வேட்டிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த ஃபோர்மன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். அவள் நகர்ந்து துணியைக் கொடுத்தாள். இரண்டு சேலை போனது. ஒரு பாவாடை போனது.

"எதுக்கு எடுத்தேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார்.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அந்தக் கப்பல்காரன்."

"எந்தக் கப்பல்காரன்?"

ஃபோர்மன் சுற்றுவதை நிறுத்தினார். "இதைக் குடுத்தானே. இங்க வந்து உக்காந்து சொல்லிக்குடுத்தானே."

"ஓ, அவரா." அவள் யோசித்தாள். "அந்தச் சுருட்டைமுடிக்காரர்."

"சுருட்டையா? வழுக்கை அவனுக்கு. முன்பக்கம் பூரா வழுக்கை. இடது கையில நங்கூரம் பச்சை குத்தியிருப்பான்."

"அப்படியா? நான் பாக்கலயே."

"நீலச்சட்டை போட்டிருந்தான் அன்னைக்கு. கையை மடிச்சு விட்டுட்டு. நான் வர்றப்ப ரெண்டு பேரும் சிரிச்சுட்டிருந்தீங்க."

"எதுக்குச் சிரிச்சோம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் இருபத்தாறு வருஷமா…"

அவர் முடிக்கவில்லை. டெய்லரம்மா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆள் முகமே எனக்கு ஞாபகம் இல்லைங்க. தெருவுல எதிர்ல வந்தாக்கூடத் தெரியாது. நீங்க பத்திரமா வெச்சிருக்கீங்க, எண்ணெய் போட்டு."

ஃபோர்மன் தலையைக் குனிந்துகொண்டார். முதல் தூறல் தகரத்தின்மேல் விழுந்தது.

அவள் மருமகனுடைய சட்டையை எடுத்து உதறி, காலரை நீவி, உருளைக்கு நடுவில் கொடுத்தாள். ஃபோர்மன் சுற்றினார். சட்டை பாதி போயிருக்கும்.

"ஆனா நீங்க சொன்னப்புறம் ஒண்ணு ஞாபகம் வருது" என்றாள். "என் கையைப் பாத்துட்டு, விரல்ல இத்தனை ஊசிக்குத்து இருக்கே, வலிக்காதான்னு கேட்டாரு. ஆமா, அவர்தான் கேட்டாரு. இதுவரைக்கும் அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல." துணியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நல்ல மனுஷர்தான் இல்ல?" என்றாள்.

 கைப்பிடி வேகமாகச் சுற்றியது.

"மெதுவா" என்றாள் டெய்லரம்மா. "பட்டன் உடையும்."